யாரை ஜெயித்தது என்பதுதான் தரம்

2021 செப்டம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் ரிச் ஸ்ட்ரைக் என்ற இரண்டு வயதுக் குதிரை ஓடியது. அது 'கிளெய்மிங்' வகைப் பந்தயம். அதில் ஓடும் எந்தக் குதிரையையும், அறிவித்த விலைக்கு வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவர் கொண்டுபோகலாம். ரிச் ஸ்ட்ரைக்கின் விலை 30,000 டாலர். பதினேழு குதிரை நீளத்துக்கும் மேலான வித்தியாசத்தில் அது ஜெயித்தது; அன்றே கைமாறியது. 2022 மே 7 அன்று, அதே மைதானத்தில், அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பியிலும் அதுவே முதலாவதாக வந்தது. அதன் மேல் ஒரு டாலர் கட்டியவருக்கு 80 டாலர் லாபம். அப்படியானால் அந்தக் குதிரையின் தரம் என்ன? 30,000 டாலர் தரமா, டெர்பி தரமா?

இரண்டுமே இல்லை என்பதுதான் சரியான பதில். ரேஸ் வட்டாரத்தில் 'கிளாஸ்' என்று சொல்லப்படும் தரத்தைப் பலர் பந்தயத்தின் பெயரிலும் பரிசுத் தொகையிலும் தேடுகிறார்கள். மேல் வகுப்பில் ஓடிய குதிரை கீழ் வகுப்புக்கு இறங்கினால் எளிதாக ஜெயிக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் வகுப்பு சொல்வது பெரும்பாலும் குதிரைக்காரரின் எண்ணத்தைத்தான். நல்ல குதிரையைக் குறைந்த விலைக்கு இறக்கும் பயிற்சியாளர் எளிய வெற்றிக்கு ஆசைப்படலாம். கால் வலியுள்ள குதிரையை யார் தலையிலாவது கட்டிவிடவும் பார்க்கலாம். இரண்டுக்கும் பந்தய அட்டையில் ஒரே எண்தான் இருக்கும். ஹாங்காங்கில் இந்தச் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே 60 ரேட்டிங் (மதிப்பீட்டு எண்) உள்ள குதிரை மூன்றாம் வகுப்பில் ஓடினால் ஏறக்குறைய ஆகக் குறைந்த எடையைச் சுமக்கும். நான்காம் வகுப்புக்கு இறங்கினால் ஏறக்குறைய ஆக அதிக எடை அதன் முதுகில் ஏறும். வகுப்பு இறங்கியதால் கிடைத்த சலுகையை எடை தின்றுவிடுகிறது. எடையைக் கணக்கில் சேர்க்காமல் 'வகுப்பு இறங்கியிருக்கிறது' என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான் கிடைக்கும்.

முழு உண்மையை நெருங்க ஆங்கிலேயர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது, அழகானதும்கூட. தரத்தை அவர்கள் பவுண்டில் அளந்தார்கள். ஒரு மைல் பந்தயத்தில் 130 பவுண்டு சுமந்த குதிரை, 124 பவுண்டு சுமந்த குதிரையை இரண்டு நீளத்தில் ஜெயிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மைல் தூரத்தில் ஒரு நீளத்தை ஏறத்தாழ 2 பவுண்டாகக் கணக்கிடுவது வழக்கம். எடை வித்தியாசம் 6, ஓட்ட வித்தியாசம் 4. ஆக, ஜெயித்த குதிரை 10 பவுண்டு மேலானது. 5 ஃபர்லாங் பந்தயமாக இருந்தால் ஒரு நீளம் ஏறத்தாழ 3 பவுண்டு. ஓட்டம் குறுகியது என்பதால் அங்கே ஒரு நீளம் பின்தங்குவதற்கும் பொருள் அதிகம். இளம் குதிரைக்கு வயதுச் சலுகையும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அட்மிரல் ரௌஸ் வகுத்த அட்டவணை அதற்கு அடிப்படை. இப்படித் தோற்ற குதிரை அடுத்த பந்தயத்தில் யாரை ஜெயித்தது, அந்தக் குதிரை யாரிடம் தோற்றது என்று சங்கிலி போல் கோத்துக்கொண்டே போனால், ஒருநாளும் ஒன்றாக ஓடாத இரண்டு குதிரைகளையும் ஒப்பிட முடிகிறது. கணித ஆசிரியராக இருந்த ஃபில் புல், யார்க்ஷயரின் ஹாலிஃபாக்ஸில் 1948-ல் தொடங்கிய டைம்ஃபார்ம் நிறுவனம் இந்த முறையிலேயே வளர்ந்தது. 14 பந்தயங்களில் ஓடி ஒன்றிலும் தோற்காத ஃபிராங்கல் என்ற குதிரைக்கு அது கொடுத்த 147, தடைகள் இல்லாத தட்டையோட்டப் பந்தயத்தில் அதன் வரலாற்றிலேயே மிக உயர்ந்த மதிப்பு.

சங்கிலியின் ஒரு கண்ணி பிசகினால் எல்லாமே பிசகாதா என்று கேட்டால், பிசகும். அதற்குச் சான்றும் இருக்கிறது. 1986-ல் டான்சிங் பிரேவ் என்ற குதிரைக்கு அதிகாரபூர்வ சர்வதேசப் பட்டியல் 141 கொடுத்தது. 2012-ல் ஃபிராங்கல் அதே பட்டியலில் 140 பெற்றது. பழைய மதிப்பீடுகள் காலப்போக்கில் ஒரே அளவுகோலில் இல்லை என்று முடிவு செய்த மதிப்பீட்டாளர்கள், 2013 ஜனவரியில் டான்சிங் பிரேவின் எண்ணை 138 ஆகக் குறைத்தார்கள். ஓடி முடித்து 26 ஆண்டுகள் ஆன குதிரையின் தரத்தை மேசையில் உட்கார்ந்து மாற்றுவதா என்று பலர் கோபப்பட்டார்கள். கோபம் புரிகிறது. ஆனால் ரேட்டிங் என்பது குதிரையின் உடம்பில் இருக்கும் பொருளல்ல, குதிரைகளுக்கு இடையிலான உறவைச் சொல்லும் எண். அளவுகோல் தவறு என்று தெரிந்தபின் திருத்தாமல் விடுவதுதான் பிழை.

இன்னொரு வாதமும் உண்டு: இவ்வளவு சுற்றுவானேன், கடிகாரத்தைப் பார்த்தால் போதாதா? ஆண்ட்ரூ பேயர் அமெரிக்காவில் பரப்பிய வேகக் குறியீடுகள் இந்த நம்பிக்கையில் பிறந்தவை. அவற்றின் பயனை நான் மறுக்கவில்லை. வெற்றி வித்தியாசம் பொய் சொல்லும்போது கடிகாரம் காட்டிக்கொடுக்கும். ஆனால் நேரத்தையும் ஓட்டத்தின் போக்கோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 2022 டெர்பியின் முதல் கால் மைல் 21.78 விநாடியில் ஓடப்பட்டது. அந்தப் பந்தய வரலாற்றில் அதைவிட வேகமான தொடக்கம் இல்லை. முன்னே பறந்தவை களைத்துப் போயின. கடைசி வரிசையில் மூச்சைச் சேமித்து வந்த ரிச் ஸ்ட்ரைக், முன்னணிக்கு வந்திருந்த எபிசென்டர் என்ற குதிரையை முக்கால் நீளத்தில் முந்தியது. அந்த முக்கால் நீளத்தை அப்படியே தரமாக எழுதிவைத்தவர் ஏமாந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் டிராவர்ஸ் பந்தயத்தில் இரண்டும் மறுபடி மோதியபோது எபிசென்டர் எளிதாக ஜெயித்தது. ரிச் ஸ்ட்ரைக் நான்காவதாக வந்தது.

நல்ல ரேட்டிங் இருந்தால் பணம் கொட்டுமா? சென்னை ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்தைத் திறமை சார்ந்தது என்றே தீர்ப்பளித்தது. ஆனால் திறமை ஒருவரிடம் மட்டும் இருப்பதில்லை. ஹாங்காங்கில் கணினி மாதிரியால் பெரும்பணம் ஈட்டிய பில் பென்டர், பொதுமக்கள் கட்டும் பணத்தால் உருவாகும் விலையையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டதாக 1994-ல் எழுதினார். அவருடைய மாதிரிக்குத் தெரியாததும் அந்த விலைக்குத் தெரிந்திருந்தது. அங்கே வெற்றிக்குக் கட்டும் ஒவ்வொரு 100 டாலரிலும் 17.5 டாலர் முதலிலேயே கழிக்கப்படுகிறது. எல்லோருக்கும் தெரிந்த தரத்தை நாமும் தெரிந்துகொள்வது அந்தக் கழிவை ஈடுகட்டாது. விலைப் பலகை சொல்லும் தரத்துக்கும் உண்மைத் தரத்துக்கும் இடையிலான வித்தியாசம் மட்டுமே ஏதாவது தரும். டிராவர்ஸ் வரை காத்திருக்காமலே, டெர்பியின் முதல் கால் மைலைப் படித்தவருக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்கும். டெர்பிக்குப் பிறகு ரிச் ஸ்ட்ரைக் ஒரு பந்தயத்திலும் ஜெயிக்கவில்லை.