பைபர்கிளாஸ் வாயு மூடிக்கு வண்ணம் பூசும் முன்

துருப்பிடிக்காது என்பதால் சாண எரிவாயுக் கலன்களுக்கு பைபர்கிளாஸ் மூடி போடுவதுண்டு. ஆனால் ஆண்டுக்கணக்கான வெயிலில் மேலுள்ள ரெசின் தேய்ந்து இழை வெளியே தெரியும். அதன் வழியே நீர் இறங்கி மூடி வலுவிழக்கும். வண்ணப்பூச்சு இதைத் தடுக்கும். கூடுவாஞ்சேரி வட்டாரத்தில் மாசி, பங்குனி மாதங்களின் வறண்ட நாட்கள் இதற்கு ஏற்றவை.

மூடியை வெளியே எடுத்து, வாயு முழுவதும் போனபின் வேலையைத் தொடங்க வேண்டும். அருகில் பீடி, நெருப்பு கூடாது.

தேய்க்கும் முன் கழுவுவதே முக்கியம். மூடி எளிதில் பிரிவதற்காக அச்சில் தடவிய மெழுகு புது மூடியின் மேல் ஒட்டியிருக்கும். பழைய மூடியில் சாணக் கரைசல் இருக்கும். கழுவாமல் தேய்த்தால் இவை கீறல்களில் புகுந்து, பூச்சு செதிலாக உரிந்துவிடும். செலவு வீண். சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். தெளித்த நீர் முத்து முத்தாகத் திரளாமல் பரவினால் மெழுகு நீங்கிவிட்டது எனலாம்.

இழை தெரியும் இடங்களில் ரெசின் பூசி இறுகவிட வேண்டும். பின்பு 80 எண் உப்புத்தாளால் மேடுகளைத் தேய்த்து, ஊசித்துளைகளைப் பாலியெஸ்டர் பட்டியால் அடைக்க வேண்டும். இறுகியதும் 180, பிறகு 320 எண் நீர்த்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நலம். தூசு நுரையீரலுக்குக் கேடு, முகமூடி அவசியம்.

உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் மேடுபள்ளம் தெரியக் கூடாது. அதன்பின் எபாக்சி பிரைமரும், மேலே வெயில் தாங்கும் பாலியூரித்தேன் வண்ணமும் பூசலாம்.