புதிய மீன்தொட்டியில் கோரிடோராசு கெளுத்தி வளர்ப்பு

கோரிடோராசு என்பது தென் அமெரிக்க நன்னீர்நிலைகளைத் தாயகமாகக் கொண்ட சிறு கெளுத்தி மீன்களைக் குறிக்கும் பெயராகும். ஆறுகள், ஓடைகளின் அடித்தரையில் கூட்டமாக மேயும் இவை உலகெங்கும் வீட்டு மீன்தொட்டிகளில் வளர்க்கப்படுகின்றன. 1803இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லசெப்பேடு இப்பேரினத்துக்குப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் தலைக்கவசம், தோல் எனப் பொருள்படும் இரு சொற்கள் சேர்ந்தது அப்பெயர். இம்மீன்களுக்குச் செதில் கிடையாது; உடலின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு வரிசையாக எலும்புத் தகடுகள் உள்ளன. 2024இல் ஆய்வாளர்கள் இப்பேரினத்தைப் பலவாகப் பிரித்துவிட்டனர். எனினும் மீன் கடைகளில் பழைய பெயரே வழங்குகிறது.

கவசம் பூண்ட மீனாயினும், புதிதாக அமைத்த தொட்டியில் விட்ட சில நாட்களிலேயே இது இறந்துபோவதைப் பலர் காண்கின்றனர். மீனுக்கு நோய் என்று கருதி மருந்து ஊற்றுவது வழக்கம். பெரும்பாலும் காரணம் நோய் அன்று. தொட்டி இன்னும் மீன் வாழத் தகுதியாகவில்லை என்பதே.

புதிய நீரின் சிக்கல்

மீன்கள் செவுள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. மிச்ச உணவும் கழிவும் அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. குளத்திலும் ஆற்றிலும் இதை நுண்ணுயிரிகள் உடனுக்குடன் மாற்றிவிடுகின்றன. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் ஆக்குகிறது. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டு பெருமளவில் சேர்ந்தால்தான் தீங்கு. பள்ளி அறிவியல் பாடத்தில் வரும் நைட்ரசன் சுழற்சியின் ஒரு பகுதிதான் இது.

புதிய தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ இல்லை. அவை நீரில் மிதப்பதைவிட வடிகட்டிப் பஞ்சு, மணல், கண்ணாடி ஆகியவற்றின் மேற்பரப்பில் ஒட்டியே பெருகுகின்றன, அதுவும் மெதுவாக. எனவே பளிங்குபோல் தெளிந்த நீரிலும் நஞ்சு இருக்கக்கூடும். கண்ணால் பார்த்து நீரை மதிப்பிடுவதில் பொருளில்லை.

நீரின் பி.எச். மதிப்பும் இங்கு முக்கியம். அம்மோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கும். அவற்றுள் அயனியாகாத வடிவமே கொடியது. 25 பாகை செல்சியசில், பி.எச். 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இவ்வடிவம் இருக்கும். பி.எச். 8 ஆனால் நூற்றில் ஏறக்குறைய 5 பங்காகிவிடும். வெப்பம் ஏறினாலும் இந்தப் பங்கு கூடும். காரத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில், சிறிதளவு அம்மோனியாவே மீனைக் கொல்வது இதனால்தான்.

அடியில் வாழ்வதன் இடர்

கோரிடோராசு மீனுக்கு ஒரு தனித்திறன் உண்டு. அவ்வப்போது மின்னல் வேகத்தில் மேலேறி, ஒரு வாய்க் காற்றை விழுங்கி மீண்டும் அடியில் வந்து அமரும். குடலின் பின்பகுதி அக்காற்றிலிருந்து ஆக்சிசனை உறிஞ்சிக்கொள்கிறது. ஆக்சிசன் குறைந்த சேற்று நீரிலும் பிழைக்க இயற்கை தந்த வழி இது. இதற்காகவே நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே சில செண்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும்.

ஆனால் நைட்ரைட்டுக்கு முன் இத்திறன் பயன்படாது. நைட்ரைட்டு குருதியில் கலந்து, ஆக்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினையே செயலிழக்கச் செய்கிறது. குருதி பழுப்பு நிறமாகிறது. காற்றை எவ்வளவு விழுங்கினாலும் அதைச் சுமந்து செல்ல ஆள் இல்லாத நிலை. மீன் எப்போதாவது மேலே போய்வருவது இயல்பு. நிமிடத்துக்குப் பலமுறை போய்வந்தாலோ, செவுள் மூடி வேகமாக அடித்துக்கொண்டாலோ அது ஆபத்தின் அறிகுறி. சிலர் இதை விளையாட்டு என்று எண்ணி மகிழ்வதும் உண்டு.

இன்னொரு இடர் மனிதர் வைத்த பெயரால் வருவது. கடைகளில் இவை ‘கிளீனர் மீன்’ என்று விற்கப்படுகின்றன. அழுக்கைத் தின்று தொட்டியைச் சுத்தப்படுத்தும் என்று நம்பி, புதிய தொட்டியில் முதலாவதாக இவற்றை விடுகின்றனர். கோரிடோராசு கழிவைத் தின்பதில்லை. மணலில் புழு, சிறு பூச்சி, உணவுத் துணுக்குகளைத் தேடுகிறது. மற்ற மீன்களுக்கு மேலே தூவும் உணவு அடிக்கு வருமுன் தீர்ந்துவிட்டால் இது பட்டினிதான். அடியில் மூழ்கும் உணவு வில்லைகளைத் தனியே இட வேண்டும்; விளக்கை அணைத்த பிறகு இட்டால் மேல்மட்ட மீன்கள் பறித்துக்கொள்வது குறையும். பத்து நிமிடத்துக்குப் பின்னும் கிடக்கும் மிச்சத்தை உறிஞ்சுகுழாயால் எடுத்துவிடுவது நல்லது.

மீன் விடுமுன் தொட்டியைப் பழக்குதல்

தொட்டி, மணல், வடிகட்டி எல்லாம் அமைத்தபின் மீன் விடாமல் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவு மட்டும் இட்டு வருவது எளிய முறை. உணவு அழுகி அம்மோனியா உருவாகும். அதை உண்டு பாக்டீரியா பெருகும். நீர்ச்சோதனைக் கிட் கொண்டு பார்த்தால் முதலில் அம்மோனியாவும், பிறகு நைட்ரைட்டும் ஏறி இறங்குவது தெரியும். தொடர்ந்து உணவு இட்டும் இவை இரண்டும் சுழியாக நின்று, நைட்ரேட்டு மட்டும் காணப்பட்டால் தொட்டி தயார். பொதுவாக இதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும்.

இத்தனை நாள் காத்திருக்க முடியாதோர்க்கு ஒரு குறுக்குவழி உண்டு. நோயற்ற மீன்கள் வாழும் பழைய தொட்டியிலிருந்து வடிகட்டிப் பஞ்சு ஒன்றை ஈரம் காயாமல் கொண்டுவந்து புதிய தொட்டியில் வைக்கலாம். பழைய தொட்டியின் நீரைக் கொண்டுவருவதால் பெரும்பயன் இல்லை.

குழாய் நீரில் கலக்கப்படும் குளோரின் மீனையும் பாக்டீரியாவையும் ஒருசேரக் கொல்லும். வாளியில் பிடித்து ஒரு நாள் காற்றேற்றி வைத்தால் குளோரின் அகன்றுவிடும். சோடியம் தயோசல்பேட்டு கலந்த நீர்மங்கள் அதை உடனே நீக்கும்.

மணல்

கோரிடோராசு மணலை வாயில் அள்ளி, உணவை வடித்துக்கொண்டு, மணலைச் செவுள் வழியே வெளியேற்றும். மாலையில் சற்று நேரம் அமர்ந்து பார்க்கத் தக்க காட்சி. கூரிய கற்களும் அழுக்குத் தேங்கும் பருங்கற்களும் இதற்கு ஆகா. கற்களின் இடுக்கில் உணவு அழுக, அங்கே துழாவும் மீனின் மீசை தேய்ந்து புண்ணாகிறது. நன்றாகக் கழுவிய மெல்லிய ஆற்று மணல் போதும். கடற்கரை மணல் வேண்டாம். அதிலுள்ள கிளிஞ்சல் துகள்கள் பி.எச். மதிப்பை உயர்த்தும்.

இனத் தேர்வு

எல்லாக் கோரிடோராசும் வெப்பத்தைத் தாங்குவதில்லை. புள்ளிக் கோரிடோராசு எனப்படும் பாலியேட்டசு, டார்வின் தம் பீகிள் கப்பல் பயணத்தில் சேகரித்த மீன்களுள் ஒன்று, 1842இல் விவரிக்கப்பட்டது. குளிர்ந்த நீரை விரும்பும் இது சென்னையின் கோடையில் துன்புறும். வெண்கல நிற ஏனியசு, வெப்பத்தை மேலும் தாங்கும் இசுடெர்பை ஆகியவை தமிழ்நாட்டுச் சமவெளிக்குப் பொருத்தமானவை. கோடையில் நீர்ப்பரப்பின் மீது மின்விசிறியைத் திருப்பி வைத்தால் ஆவியாதலால் வெப்பம் சில பாகை குறையும்.

கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் இவற்றுடன் ‘சக்கர்’ மீனும் அடித்தரைக் கெளுத்தியாக விற்கப்படுகிறது. அது வேறு குடும்பம். விரல் நீளத்தில் வாங்குவது ஓர் அடிக்கு மேல் வளரும். சிறு தொட்டிக்கு அது பொருந்தாது; வளர்ந்தபின் ஏரியில் விட்டால் நாட்டு மீன்களுக்குக் கேடு.

முதல் வாரங்கள்

கோரிடோராசு கூட்டமாக வாழ்வது. ஆறு மீன்களாவது வேண்டும். ஆனால் புதிய தொட்டியில் முதலில் மூன்றை விட்டு, இரு வாரம் கழித்து மற்றவற்றைச் சேர்ப்பது நலம். இவற்றின் துடுப்பு முட்கள் வலையில் சிக்கிக்கொள்ளும் என்பதால் கிண்ணத்தால் முகந்து மாற்ற வேண்டும்.

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் கொண்ட தொட்டியின் கொள்ளளவு 54 லிட்டர். மணலும் மேல் இடைவெளியும் போக ஏறக்குறைய 45 லிட்டர் நீர் இருக்கும். வாரந்தோறும் கால் பங்கு, அதாவது ஒரு வாளி நீரை மாற்றினால் போதும். அம்மோனியாவோ நைட்ரைட்டோ தென்பட்டால் அன்றே பாதி நீரை மாற்ற வேண்டும். கைப்பிடி கைப்பிடியாக உப்புப் போடுவதும், செம்பு கலந்த மருந்து ஊற்றுவதும் கெளுத்திகளுக்கு ஒவ்வாதவை.

வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவினால் வளர்த்த பாக்டீரியா குளோரினால் அழிந்து, தொட்டி மீண்டும் முதல் நாள் நிலைக்குத் திரும்பிவிடும். நீர் மாற்றும்போது வாளியில் எடுத்த தொட்டி நீரிலேயே அதைப் பிழிந்தெடுக்க வேண்டும். நெடுநேர மின்வெட்டிலும் இதே இழப்பு நேரலாம். நீரோட்டம் நின்ற வடிகட்டிக்குள் ஆக்சிசன் தீர்ந்து பாக்டீரியா மடிகிறது. மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுப் பம்பு ஒன்றைப் பஞ்சு வடிகட்டியுடன் இணைத்தால் மின்சாரம் வரும்வரை அது தாங்கும். மின்வெட்டு நீடித்த நாளில் உணவைக் குறைத்து, மறுநாள் நீரைச் சோதிக்க வேண்டும்.