மெய்நிகர் உலகமும் வகுப்பறையும்

நன்னூலின் பாயிரத்திலே பவணந்தி முனிவர் மாணாக்கரை மூவகைப்படுத்தினார். அன்னமும் பசுவும் போல்வார் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடைமாணாக்கர். இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பன போல்வார் கடைமாணாக்கர். கற்பித்ததையே திரும்பச் சொல்லுங் கிளியை அவர் தலைவரிசையிற் சேர்க்கவில்லை என்பது கருதத்தக்கது. பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னமே முதலிடம் பெற்றது. இன்று கணினி வகுப்பறையுட் புகுந்துவிட்டது. அதனைக் கொண்டு நாம் கிளிகளை வளர்க்கப் போகின்றோமா, அன்னங்களை வளர்க்கப் போகின்றோமா என்பதே ஆசிரியர் ஆராய வேண்டிய வினாவாகும்.

கணினியைக் கல்விக்குப் பயன்படுத்தும் முயற்சி புதியதன்று. 1960களிலேயே அமெரிக்காவின் ஸ்டான்போட் பல்கலைக்கழகத்தில் பற்றிக் சப்பஸ் முதலானோர் எண்கணிதப் பயிற்சிகளைக் கணினி வழியாக மாணவர்க்கு வழங்கினர். பொறி வினாவை எழுப்பும்; மாணவன் விடையை அழுத்துவான்; சரியோ பிழையோ என்பதைப் பொறி உடனே அறிவிக்கும். இதனாற் பயனில்லை என்று கூறுதல் பொருந்தாது. ஒவ்வொருவனும் தன் வேகத்திற் செல்லலாம். பிழைவிட்டவன் பிறர் முன் நாணவும் வேண்டியதில்லை. ஆயினும், அங்கே வினாவுவது பொறி. விடை கூறுவது பிள்ளை. கிளியின் பயிற்சி விரைவுபெற்றதேயன்றி, கல்வியின் இயல்பு மாறவில்லை.

இந்நிலையை மாற்ற விழைந்தவருள் முதன்மையானவர் சீமோர் பப்பேட். தென்னாபிரிக்காவிற் பிறந்த கணிதவியலாளராகிய இவர், ஜெனீவாவில் உளவியலறிஞர் பியாஜேயுடன் பணியாற்றிப் பின்னர் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திற் பேராசிரியராயினார். பொறி பிள்ளைக்குக் கட்டளையிடுதல் தகாது, பிள்ளையே பொறிக்குக் கட்டளையிடல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1967இல் அவரும் வொலி ஃபோய்செய்க், சிந்தியா சொலமன் முதலியோரும் சேர்ந்து லோகோ என்னும் கணினிமொழியை உருவாக்கினர். பின்னர் அதனோடு ‘ஆமை’ என வழங்கும் ஓர் உரு இணைந்தது. முதலில் நிலத்தில் ஊரும் இயந்திரமாயிருந்த அது, பின்பு திரையில் நகருங் குறியாயிற்று. ‘இவ்வளவு முன்னே செல்’, ‘இத்தனை பாகை வலப்புறந் திரும்பு’ என்று கட்டளையிட்டால், அது செல்லும் வழியெல்லாங் கோடு வரையும். பப்பேட் 1980இல் வெளியிட்ட ‘மைண்ட்ஸ்ரோம்ஸ்’ என்னும் நூல் இவ்வாமையின் சிற்றுலகத்தை விரிவாக ஆராய்கின்றது.

இதன் பயனை யான் அறிந்தது என் பிழையொன்றினாலேயே. ஒருமுறை எட்டாந் தர மாணவர் சிலரோடு இவ்வாமையைக் கொண்டு சமபக்க முக்கோணி வரைய முயன்றேன். அதன் கோணம் 60 பாகை என்பது யாவர்க்கும் மனப்பாடம். ஆகவே, 100 அலகு முன்னே சென்று 60 பாகை திரும்புதலை மும்முறை செய்யுமாறு ஒரு மாணவன் கட்டளையிட்டான். கலைப்பட்டதாரியாகிய யானும் அதுவே சரியென்றேன். திரையிலே தோன்றியது முக்கோணியன்று; ஒருபக்கம் மூடாது நின்ற வேறோர் உரு. சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் ஒரு மாணவி எழுந்து, தானே ஆமையாகித் தரையில் நடந்து பார்த்தாள். மூலையில் நின்று திரும்பியவள், “சேர், உள்ளுக்கு இருக்கிற கோணத்தை இல்லை, நான் திரும்புற கோணத்தையல்லோ சொல்ல வேணும்” என்றாள். அவள் திரும்பியது புறக்கோணம். 180இலிருந்து 60 போக எஞ்சும் 120 பாகை. அவ்வெண்ணை இட்டதும் முக்கோணி மூடிக்கொண்டது. மற்றொருவன், முந்திய பிழைக் கட்டளையை ஆறுமுறை இட்டுப் பார்ப்போம் என்றான்; ஒழுங்கான அறுகோணி தோன்றிற்று. மூன்று 120உம் ஆறு 60உம் 360 ஆதலைக் கண்டபோது, நூலில் மனனஞ் செய்த தேற்றம் அவர்கள் காலால் நடந்து கண்ட உண்மையாயிற்று.

அன்று ஆசிரியனும் பிழைவிட்டான். அதனால் அவன் மதிப்புக் குறையவில்லை. பிழை தண்டிக்கத்தக்கதாகாமல் ஆராயத்தக்கதாயிற்று. சிற்றுலகத்தின் சிறப்பு இதுவேயாம்.

ஆமையின் உலகம் கோடுகளால் ஆயது. கணினியின் ஆற்றல் பெருகவே வீடும் ஆறும் மாந்தரும் உள்ள உலகங்களைத் திரையில் அமைத்தல் இயல்வதாயிற்று. இவையே மெய்நிகர் உலகங்கள். மாணவன் தனக்கென ஓர் உருவைக் கொண்டு அங்கே நடமாடுவான். வேறொரு கணினியின் முன்னிருக்குந் தோழனையும் அங்கே சந்திப்பான்.

2000களின் தொடக்கத்தில் ஹார்வட் பல்கலைக்கழகக் கல்வியாய்வாளர் அமைத்த ‘ரிவர் சிற்றி’ இதற்குத் தக்க சான்றாகும். அஃது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்ததாகக் கற்பனை செய்யப்பட்ட ஓர் ஆற்றங்கரை நகரம். அங்கே மக்கள் நோயுறுகின்றனர். மாணவர் சிறு குழுக்களாய்ச் சென்று மக்களை வினாவுவர், நீரைச் சோதிப்பர், பருவந்தோறும் நிகழும் மாற்றங்களைக் குறிப்பர். நீரால் பரவும் நோய், பூச்சியால் பரவும் நோய், காற்றால் பரவும் நோய் ஆகிய மூன்றும் அங்கே பின்னிக் கிடக்கின்றன. எச்செய்தி எந்நோய்க்குரியது எனப் பிரித்தறிந்து, கருதுகோள் வகுத்து, சோதித்து, முடிவை நகர முதல்வருக்குக் கடிதமாக எழுதல் வேண்டும். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தின் தொழில் இதுவன்றோ?

அப்பல்கலைக்கழகத்திலேயே பின்னர் உருவான ‘ஈக்கோ மூவ்’ என்பதில் ஒரு குளம் உண்டு. ஒருநாள் மீன்கள் இறந்து கிடக்கின்றன. மாணவர் முந்திய நாள்களுக்குச் சென்று காரணந் தேடுவர். பசளை மழைநீரோடு குளத்திற் சேர்கின்றது. அதனால் அல்காக்கள் பெருகுகின்றன. அவை மடிந்தபின் அவற்றைச் சிதைக்கும் பற்றீரியாக்கள் நீரிலுள்ள ஒட்சிசனை நுகர்கின்றன. மீன்கள் மூச்சற்று மடிகின்றன. காரணம் ஓரிடத்தில், விளைவு மற்றோரிடத்தில். இரண்டிற்கும் இடையே பல நாள்கள். ஒரு பாடவேளையில் மெய்யான குளத்திலே இதனைக் காட்ட எந்த ஆசிரியராலும் இயலாது. காலத்தையும் இடத்தையுஞ் சுருக்கிக் காட்டுதலே மெய்நிகர் உலகத்தின் மெய்யான பயன், வண்ணக் காட்சியன்று.

எனினும் எச்சரிக்கையும் வேண்டும். 2003இல் தோன்றிய ‘செக்கண்ட் லைஃப்’ என்னும் மெய்நிகர் உலகில் பல பல்கலைக்கழகங்கள் தமக்கெனத் தீவுகளை அமைத்தன. இளைஞர்க்கெனத் தனியுலகொன்றும் 2005இல் திறக்கப்பட்டது. ஆனால் 2011ஆம் ஆண்டளவில் அது தனியுலகாக இல்லாமற் போயிற்று. பிறருடைய நிலத்திற் கட்டிய பள்ளிக்கூடம் நிலவுடைமையாளரின் விருப்பத்தையே சார்ந்து நிற்கும். அன்றியும், காட்சியில் மயங்கிய மாணவன் உலாவித் திரிந்து ஒன்றுங் கல்லாமல் மீளவுங்கூடும். ‘நீ என்ன கண்டாய்? எவ்வாறு அறிந்தாய்?’ என்று அருகிருந்து வினாவும் ஆசிரியர் இல்லாவிடின் அவ்வுலகம் வெறும் விளையாட்டிடமேயாம்.

இறுதியாக ஒன்று. திரைக்குளத்தைக் கண்ட மாணவனை அங்கேயே விட்டுவிடலாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கற் பாறையில் தங்குவது. தோட்டங்களுக்கிடும் பசளையும் மலசலகூடக் குழிகளின் கழிவும் அதனுட் கசிகின்றன. பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையை மீறியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கிணற்றை எட்டிப் பார்த்து அதனை அறிய முடியாது. கண்ணுக்குப் புலப்படாத காரணத்தைத் தேடும் பழக்கத்தைத் திரைக்குளம் ஊட்டுமாயின், அம்மாணவன் தன் வீட்டுக் கிணற்றடியிலும் அவ்வினாவை எழுப்புவான். அவன் அங்ஙனம் வினாவும் நாளிலேயே கணினிக்கு நாம் செலவிட்ட பொருளும் நேரமும் பயன்பெற்றன எனக் கொள்ளலாம்.