தும்மலுக்கு மரம் மட்டுமா காரணம்? டோக்கியோ சொல்லும் பாடம்

பிப்ரவரி பிறந்துவிட்டால் டோக்கியோவில் வானிலை அறிக்கையோடு இன்னோர் அறிக்கையும் சேர்ந்துகொள்ளும். நாளைக்குக் காற்றில் எவ்வளவு மகரந்தம் பறக்கும் என்று சொல்லும் அறிக்கை அது. மருந்துக் கடை வாசலில் கண் சொட்டு மருந்தும் மூக்கில் அடிக்கும் மருந்தும் குவிந்திருக்கும். வெயில் நன்றாக அடித்தாலும் பலர் துணியை வெளியே காயப்போட மாட்டார்கள். வெளியிலிருந்து வருபவர்கள் மேல்கோட்டைத் தட்டி உதறிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்கள். தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு என்று ஏப்ரல் வரை இதே பாடுதான்.

இதற்கெல்லாம் முதல் காரணம் ‘சுகி’ என்ற ஊசியிலை மரம். காது, மூக்கு, தொண்டை மருத்துவர்களிடமும் அவர்களின் குடும்பத்தாரிடமும் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், 1998-ல் 16.2 சதவீதம் பேருக்கு சுகி மகரந்த ஒவ்வாமை இருந்தது. 2019-ல் அது 38.8 சதவீதம் ஆகிவிட்டது. சுகி ஜப்பானின் சொந்த மரம். கோயில்களைச் சுற்றிப் பல நூற்றாண்டுகளாக நிற்கிறது. ஆனாலும் இந்த ஒவ்வாமை மருத்துவ இதழில் முதன்முதலாகப் பதிவானது 1964-ல்தான். அப்படியானால் இடையில் மாறியது என்ன?

மாறியவற்றில் முதலாவது, மரங்களின் எண்ணிக்கை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கண்மூடித்தனமாக வெட்டியதில் ஜப்பானின் மலைகள் மொட்டையாகின. வீடு கட்ட மரம் வேண்டும், மண் சரிவையும் தடுக்க வேண்டும். எனவே 1950-களிலும் 60-களிலும் வேகமாக வளரும் சுகியை மலை மலையாக நட்டார்கள். 1964-ல் வெளிநாட்டு மரத்துக்கு இறக்குமதிக் கதவு முழுதாகத் திறந்தது. உள்நாட்டு மரத்தை வெட்டி இறக்குவது நாளடைவில் கட்டுப்படியாகாமல் போனது. வெட்ட வேண்டிய மரங்கள் அப்படியே நின்றன. சுமார் 30 வயதுக்குப் பிறகுதான் சுகி தாராளமாகப் பூக்கும். நட்டவர்கள் ஓய்வுபெறும் வயதில், அவர்கள் பேரப்பிள்ளைகளின் மூக்குக்கு வந்து சேர்ந்தது மகரந்தம். இன்று ஜப்பானில் சுகித் தோட்டங்கள் ஏறத்தாழ 44 லட்சம் ஹெக்டேர். தமிழ்நாட்டின் பரப்பில் இது மூன்றில் ஒரு பங்கு.

சுகியின் ஆண் பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் நெல்மணி அளவுதான் இருக்கும். அதற்குள் சுமார் நான்கு லட்சம் மகரந்தத் துகள்கள். முற்றிய கிளையை ஒரு தட்டுத் தட்டினால் மஞ்சள் புகை போலக் கிளம்பும்.

கோடையிலேயே தெரிந்துவிடும்

அடுத்த வசந்தத்தில் எவ்வளவு பூக்கும் என்பது முந்தைய ஜூலை, ஆகஸ்டிலேயே பெருமளவு முடிவாகிவிடுகிறது. பூ மொட்டுகள் உருவாகும் காலம் அது. வெயில் கொளுத்தி, மழை குறைந்தால் மொட்டுகள் பெருகும். 2004 ஜூலை 20 அன்று டோக்கியோவில் 39.5 டிகிரி செல்சியஸ் பதிவானது. அடுத்த வசந்தத்தில் மகரந்தம் கொட்டித் தீர்த்தது. அதுவரை இந்தத் தொல்லையே அறியாதிருந்த டோக்கியோ ஆளுநர் ஷிந்தாரோ இஷிஹாராவும் அந்த ஆண்டில்தான் மாட்டிக்கொண்டார். மேற்கே தாமா மலைப்பகுதியின் சுகி மரங்களை வெட்டி, மகரந்தம் குறைந்த ரகங்களை நடும் திட்டம் அடுத்த ஆண்டே தொடங்கியது.

பூக்கும் பருவம் வந்த பிறகு அன்றாட வானிலையின் ஆட்சி. மழை பெய்யும்போது காற்று கழுவப்படுகிறது, நிம்மதி. மறுநாள் வெயிலும் காற்றும் சேர்ந்தால், முந்தைய நாள் வெளிவராததும் சேர்ந்து கிளம்பும். மலையில் காலையில் கிளம்பும் மகரந்தம் நண்பகல் வாக்கில் நகரை எட்டும். மேலே போனது சூரியன் மறைந்து காற்று குளிரும்போது கீழே இறங்கும். அதனால் ஒரே நாளில் இரண்டு உச்சங்கள்.

இதை அளக்கும் முறை எளிமையானது. பசை தடவிய கண்ணாடித் தகட்டை 24 மணி நேரம் வெளியில் வைத்து எடுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். ஒரு சதுர சென்டிமீட்டரில் 30 துகளைத் தாண்டினால் ‘அதிகம்’, 50-ஐத் தாண்டினால் ‘மிக அதிகம்’.

நகரம் செய்யும் வேலை

மரம் மலையில் இருக்கிறது. அவதி நகரத்தில் இருக்கிறது. இந்த முரண்தான் ஆய்வாளர்களை உறுத்தியது. காட்டில் விழும் மகரந்தத்தை மண் வாங்கிக்கொள்ளும். தார்ச்சாலையும் கான்கிரீட்டும் வாங்காது. விழுந்தது டயரிலும் செருப்பிலும் நசுங்கி, மறுபடி எழும்பும்.

அதைவிட முக்கியமானது புகை. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் முரானாகா தலைமையிலான குழு 1986-ல் எலிகளை வைத்து ஒரு சோதனை நடத்தியது. ஒவ்வாமைப் பொருளோடு டீசல் புகைத் துகளையும் சேர்த்துக் கொடுத்தபோது, ஒவ்வாமையைத் தூண்டும் ‘ஐஜிஇ’ எதிர்ப்பொருள் கூடுதலாகச் சுரந்தது. அடுத்த ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதை மனிதர்களிடம் பார்த்தது. நிக்கோ என்ற ஊருக்குப் போகும் பழைய நெடுஞ்சாலைகளின் இருபுறமும் 17-ம் நூற்றாண்டில் நட்ட சுகி மரங்கள் பல கிலோமீட்டருக்கு அணிவகுத்து நிற்கின்றன. அந்தப் பகுதியில், வாகனங்கள் நெருக்கும் சாலையோரம் வாழ்பவர்களையும், வாகனம் அரிதான சுகிக் காட்டுப் பகுதியினரையும் ஒப்பிட்டார்கள். இரு தரப்பும் சுவாசிப்பது சுகி மகரந்தம்தான். சாலையோரத்தாரிடம் ஒவ்வாமை இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது.

இதே இஷிஹாரா 1999-ல் செய்தியாளர் சந்திப்பில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் நிறைய டீசல் கரியை எடுத்துக் குலுக்கிக் காட்டினார். 2003 அக்டோபரில் டோக்கியோவும் அண்டை மாகாணங்கள் மூன்றும் வரம்பு மீறிய டீசல் வாகனங்களுக்குத் தடை போட்டன. காற்று தெளிந்தது. ஆனால் ஒவ்வாமை குறையவில்லை. எனவே எல்லாப் பழியையும் டீசல் மேல் போட்டுவிட முடியாது. தோட்டங்கள் முற்றிப் பூப்பது கூடியது. ஒருமுறை உடம்பு எதிரியாகப் பதிந்துகொண்ட பொருளை அது எளிதில் மறப்பதும் இல்லை.

காற்று மாசு மகரந்தத்தையே மாற்றவும் செய்யும். ஓசோனும் நைட்ரஜன் டை ஆக்சைடும் சேர்ந்தால், பிர்ச் மர மகரந்தத்தில் ஒவ்வாமை தரும் புரதத்தின் வேதி அமைப்பு மாறுவதை ஜெர்மனியில் மைன்ஸ் நகரிலுள்ள மேக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவன ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதே வாயுக்கள் நம் மூக்கின் உள்தோலையும் புண்ணாக்குவதால், அந்தப் புரதம் உள்ளே போவதும் எளிதாகிறது.

முழு சுகி மகரந்தம் சுமார் 30 மைக்ரோமீட்டர் அளவு. பெரும்பாலும் மூக்கிலேயே சிக்கிவிடும். ஈரத்தில் ஊறி வெடித்தால் வெளிவரும் நுண்துகள்கள் நுரையீரல் வரை போகும். இது எவ்வளவு ஆபத்து என்பதை ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் காட்டியது. அங்கே குற்றவாளி மரமல்ல, ரைகிராஸ் என்னும் புல். 2016 நவம்பர் 21 மாலை, வெப்பமான நாளொன்றின் முடிவில் இடியுடன் புயல் வந்தது. வெடித்த மகரந்தத்தைக் காற்று நகரத்துக்குள் தள்ளியது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். அதுவரை ஆஸ்துமா என்று சொல்லப்படாதவர்களும் பாதிக்கப்பட்டவர்களில் இருந்தார்கள்.

யாரைக் குற்றம் சொல்வது?

மரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே இனத்தை மலை முழுக்க நட்டதும், நட்டதைப் பராமரிக்காமல் விட்டதும், அதன்மேல் புகையைக் கக்கியதும் மனிதர்கள் எடுத்த முடிவுகள். திருத்தவும் அதே அளவு காலம் பிடிக்கிறது. 2023-ல் ஜப்பான் அரசு அறிவித்த இலக்கைப் பாருங்கள்: பத்து ஆண்டுகளில் சுகித் தோட்டங்களை 20 சதவீதம் குறைப்பது, 30 ஆண்டுகளில் மகரந்தத்தைப் பாதியாக்குவது. 1992-ல் தோயாமாவில் மகரந்தமே தராத ஒரு சுகி மரம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் வழிவந்த கன்றுகளும், மகரந்தம் குறைந்த பிற ரகங்களும் இப்போது நடப்படுகின்றன. ஆனால் வெட்டுவதற்கு ஆளில்லை. மலைக் கிராமங்கள் முதுமையடைந்துவிட்டன. கோடைகள் இன்னும் சூடேறிக்கொண்டிருக்க, மொட்டுகளும் கூடத்தான் செய்யும்.

டோக்கியோவின் நிஷிகசாய் போன்ற பகுதிகளில் வேலைக்காகக் குடியேறியிருக்கும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. போன முதல் வசந்தத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று இருந்துவிடாதீர்கள். சில ஆண்டுகள் கழித்தும் இந்த ஒவ்வாமை தொடங்கலாம். நாக்கடியில் வைக்கும் மாத்திரையாலான தடுப்புச் சிகிச்சைக்கு அங்கே மருத்துவக் காப்பீடு உண்டு. மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். மகரந்தம் பறக்கும் மாதங்களில் அதைத் தொடங்க மாட்டார்கள். ஜூன் மாதத்திலேயே மருத்துவரைப் பாருங்கள்.