உடல் ஏன் கல்லாகிவிடுவதில்லை?

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்குக் கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு நன்கு தெரியும். சுண்ணாம்புப் பாறையின் ஊடாக ஊறிவரும் கிணற்று நீரைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்தால் அந்தப் படிவு ஓடுபோலத் தடித்துவிடும். சுவிட்சர்லாந்திலும் பல ஊர்களின் குழாய்நீருக்கு இதே குணம்தான். வினாகிரி ஊற்றிக் கழுவாத வீடு அங்கே குறைவு.

நம் இரத்தத்திலும் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்திருக்கின்றன. எலும்பின் தாது படிவதற்கு வேண்டிய அளவுக்கும் மேலாகவே இருக்கின்றன. எலும்பில் அந்தத் தாது தொற்றிக்கொள்ளும் கொலாஜன் இழைதான் தோலிலும் பெரும்பங்கு வகிக்கிறது. ஆயினும் எலும்பு மட்டும் இறுகுகிறது. தோலும் தசைநாரும் மென்மையாகவே இருக்கின்றன. கேத்திலில் நடப்பது நம் உடல் முழுவதும் ஏன் நடப்பதில்லை?

இக்கேள்விக்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர் ஹெர்பெர்ட் ஃபிளைஷ் (1933-2007) என்ற சுவிஸ் மருத்துவர். 'ஃபிளைஷ்' என்றால் ஜெர்மன் மொழியில் இறைச்சி. எலும்பு ஆராய்ந்தவருக்கு அமைந்த பெயரைப் பாருங்கள்!

அவர் 1960-களில் பணியாற்றிய இடம் தாவோஸ். ஆல்ப்ஸ் மலையில் ஏறத்தாழ 1,560 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். தாமஸ் மான் 1924-இல் வெளியிட்ட 'மாய மலை' நாவலைப் படித்தவர்களுக்கு இவ்வூரின் காசநோய் விடுதிகள் அறிமுகமாகியிருக்கும். காசநோய்க்கு மருந்துகள் வந்தபின் அவ்விடுதிகளின் தேவை குறைந்தது. 1959-இல் அங்கே எலும்பு முறிவுச் சிகிச்சையை ஆராய ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. ஃபிளைஷ் சில ஆண்டுகள் அதற்குத் தலைமை தாங்கினார். பின்னர் பெர்ன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

தாவோஸுக்கு வருமுன் அவர் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் வில்லியம் நியூமன் என்ற அறிஞருடன் பணிபுரிந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் தாது படிவதைத் தடுக்கும் ஏதோ ஒன்று உள்ளது என்பதை இருவரும் கண்டனர். 1962-இல் ஃபிளைஷும் பிசாஸ் என்பவரும் அதைச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினர். அதன் பெயர் பைரோபாஸ்பேட். இரண்டு பாஸ்பேட்டுகளை ஓர் ஆக்சிஜன் அணு கோத்து நிற்கும் மிகச் சிறிய மூலக்கூறு. நீர்க்குழாய்களில் சுண்ணாம்பு படியாமலிருக்க இதே குடும்பத்துப் பொருள்களைத் தொழிற்சாலைகள் முன்பே பயன்படுத்தி வந்தன! கேத்திலின் உவமை வெறும் உவமையன்று என்பது இப்போது விளங்கும்.

சரி, தடுப்பான் உடலெங்கும் இருக்கிறது என்றால் எலும்பு மட்டும் எப்படி உருவாகிறது?

இங்கேதான் நம் கட்டுரையின் நாயகனாகிய புரதம் வருகிறது. ஆல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதி அது. எலும்பை ஆக்கும் செல்களின் வெளிச்சுவரில் அது பொருந்தியிருக்கும். துத்தநாகமும் மக்னீசியமும் இன்றி வேலை செய்யாது. 1923-இல் இங்கிலாந்தில் ராபர்ட் ராபிசன் என்பவர் வளரும் எலும்பில் இதைக் கண்டறிந்தார். எலும்புக்குப் பாஸ்பேட் ஊட்டுவதே இதன் பணி என்று கருதினார். அது பாதி உண்மை. பைரோபாஸ்பேட்டை வெட்டி அகற்றுவதே இதன் பெரும்பணி என்பது பின்னர் தெளிவாயிற்று. வெட்டப்பட்ட துண்டுகள் இரண்டும் பாஸ்பேட்டுகள் அல்லவா? அவை எலும்புக்கே மூலப்பொருளாகின்றன. ஆகவே எலும்பு இறுக வேண்டிய இடத்தில் உடல் தாதுவைத் திணிப்பதில்லை. அங்கிருக்கும் தடையை நீக்குகிறது, அவ்வளவுதான்.

இந்தப் புரதம் குறைந்தால் என்ன ஆகும்? இயற்கையே அதைக் காட்டியிருக்கிறது. 1948-இல் டொரோண்டோவில் ராத்பன் என்ற குழந்தை மருத்துவர் ஒரு புதிய நோயை விவரித்து, ஹைப்போபாஸ்படேசியா எனப் பெயரிட்டார். மரபணுக் குறையால் நொதி பழுதுபட, பைரோபாஸ்பேட் மிகுந்து, எலும்பு இறுகாது போகிறது. கடுமையாகத் தாக்கப்பட்ட சிசுக்கள் மூச்சுவிடவும் இயலாது இறந்தன. மார்புக்கூட்டுக்கு வலுவில்லாததே காரணம். இலேசாகத் தாக்கப்பட்டவர்களுக்குப் பால்பற்கள் ஐந்து வயதுக்கு முன்பே வேரோடு விழும்; பெரியவர்களானபின் பாத எலும்புகளில் ஆறாத விரிசல்கள் வரும். 1965-இல் கிரஹாம் ரஸ்ஸல் இந்நோயாளிகளின் சிறுநீரில் பைரோபாஸ்பேட் மிகுந்திருப்பதைக் காட்டினார். பின்னர் அவர் ஃபிளைஷுடன் சேர்ந்துகொண்டார்.

இனி கதை வேறு பக்கம் திரும்புகிறது. தேவையற்ற இடங்களில் சுண்ணாம்பு படியும் நோய்களுக்குப் பைரோபாஸ்பேட்டையே மருந்தாக்கலாமே என்று ஃபிளைஷ் எண்ணினார். ஆனால் உடலுக்குள் சென்றதும் நொதிகள் அதை வெட்டிவிடுகின்றன. எனவே நடுவிலிருக்கும் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் அமைந்த பிஸ்பாஸ்போனேட்டுகளை அவர் நாடினார். நொதியால் இவற்றை வெட்ட முடியாது. சோதித்தபோது இவை எலும்பை அரித்துக் கரைக்கும் செல்களையும் அடக்குவது தெரியவந்தது. 1969-இல் ஃபிளைஷ், ரஸ்ஸல், அமெரிக்க வேதியியலாளர் ஃபிரான்சிஸ் ஆகியோர் இதனை 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். எலும்புத் தேய்வுக்காக நம் அம்மாக்களும் மாமிகளும் வாரம் ஒருமுறை வெறும் வயிற்றில் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமலிருக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆண்டுக்கொரு முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலமும் அப்படியே. கோடிக்கணக்கானோருக்குப் பயன்பட்ட மருந்துகள் இவை.

ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஏ.எல்.பி. என்றொரு வரி இருக்கும். அது நாம் பார்த்த இதே புரதம்தான். ஈரல், பித்தநாளக் கோளாறுகளில் அது உயரும் என்பதால் உயர்ந்தால் கவனிக்கிறார்கள். குறைந்தால் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. பெரியவர் ஒருவருக்கு அது எப்போதும் குறைவாகவே இருந்து, பாதத்தில் விரிசல், இளமையிலேயே பல்லிழப்பு போன்றவையும் இருந்தால், அவருடையது சாதாரண எலும்புத் தேய்வாக இல்லாமலிருக்கலாம். அவருக்குப் பிஸ்பாஸ்போனேட் கொடுப்பது, தடுப்பான் மிகுந்து வாடும் உடலுக்கு அதன் உறவுக்காரனையே ஊட்டுவதாகும். அவ்வாறு கொடுத்தபின் தொடையெலும்பு முறிந்த நோயாளிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளனர்.

அதற்காக அச்சப்பட வேண்டியதில்லை. ஊட்டக்குறைவு, துத்தநாகக் குறைவு, தைராய்டு மந்தம் ஆகியவற்றாலும் ஏ.எல்.பி. குறையும். எலும்புத் தேய்வு மாத்திரைகளே அதைக் குறைப்பதும் உண்டு. எடுத்துவரும் மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது. மாத்திரை தொடங்குமுன் பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்து, அந்த எண் தொடர்ந்து குறைவாக இருந்தால் காரணம் என்ன என்று மருத்துவரிடம் கேட்பதே போதும்.

குறைபாட்டுக்கும் இன்று மருந்துண்டு. முன்பு வேறு நோயாளிகளின் இரத்தத்திலிருந்து நொதியை எடுத்து ஏற்றிப் பார்த்தார்கள், பலனளிக்கவில்லை. இரத்தத்தில் மிதப்பதால் பயனில்லை, எலும்பைப் போய்ப் பற்ற வேண்டும். அவ்வாறு பற்றிக்கொள்ளும் வால் ஒன்றைச் சேர்த்து உருவாக்கிய அஸ்ஃபோட்டேஸ் ஆல்ஃபா 2015-இல் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. பிழைக்கமாட்டா எனக் கருதப்பட்ட சிசுக்கள் பல இதனால் பிழைத்து, எழுந்து நடந்திருக்கின்றன.