கம்பளத்துக்குக் கீழே என்ன இருக்கிறது?

வட்டுக்கோட்டையில் நான் அடிக்கடி போய்வரும் ஒரு வீடு. எழுபது வயதைக் கடந்த ஆச்சி ஒருவர் அங்கே தனியாக இருக்கிறார். மகள் கனடாவில். இரவில் மட்டும் அயல்வீட்டுப் பிள்ளை ஒருத்தி துணைக்கு வந்து படுப்பாள். போருக்குப் பின் வீட்டைத் திருத்தியபோது பழைய சீமெந்துத் தரைக்கு மேல் ரைல்ஸ் பதித்தார்கள். ரைல்ஸ் குளிருமென்று மகள் ஓர் அழகான கம்பளமும் வாங்கி விரித்துவிட்டுப் போனார்.

சில மாதங்களின் பின் நான் போனபோது ஆச்சியின் வலது கை பிளாஸ்ரருக்குள் இருந்தது.

“பிள்ளை, மகள் ஆசையா வாங்கித் தந்தவ. ஆனால் உது காலுக்குக் கீழ ஓடுது. விடியப்புறம் எழும்பி விளக்குப் போட வந்தனான், அப்பிடியே இழுத்துக்கொண்டு போட்டுது” என்றார்.

நான் கம்பளத்தின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். கீழே ஒன்றுமே இல்லை. வழுக்கும் ரைல்ஸ், அதற்கு மேல் வழுக்கும் கம்பளம்.

இதை ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. விழுவதனால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 684,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு குறிப்பிட்டது. அவர்களில் 60 வயதைக் கடந்தோரே அதிகம். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் ஊரில் என்றாகிவிட்ட எமது குடாநாட்டில் ஒரு முதியவர் விழுந்தால், தூக்கிவிடக்கூட வீட்டில் ஆளில்லை.

மெத்தென்றிருந்தால் போதுமா?

செய்தி அறிந்த மகள் உடனே இன்னொரு பொருளை அனுப்பிவைத்தார். கம்பளத்துக்குக் கீழே விரிக்கும் தடித்த ஸ்பொஞ் விரிப்பு அது. வெளிநாடுகளில் இதனை அண்டர்லே என்பார்கள். நாம் அடிவிரிப்பு என்று சொல்லலாம். அதை விரித்ததும் கம்பளம் ஓடவில்லை. ஆனால் ஆச்சி ஊன்றும் தடி அதற்குள் புதைந்தது. காலடி வைக்கும்போது உடல் ஆடியது. “மணலுக்குள்ள நடக்கிற மாதிரிக் கிடக்கு” என்றார்.

அடிவிரிப்பு எவ்வளவு தடிப்பாக, எவ்வளவு மெதுமையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மை அதுவல்ல. கால் மிகவும் புதையும் தரையில் உடலின் சமநிலை குலையும். கம்பளத்துக்கும் கெடுதிதான். ஒவ்வோர் அடிக்கும் அது மடிந்து நிமிர்வதால் அதன் அடிப்பின்னல் விரைவில் தளர்ந்துவிடும். அமெரிக்கக் கம்பளத் தொழில்துறையின் அமைப்பான கார்ப்பெற் அன்ட் றக் இன்ஸ்ரிரியூட், வீட்டு அடிவிரிப்பு 7/16 அங்குலத்தை, அதாவது ஏறத்தாழ 11 மில்லிமீற்றரை, மேவக் கூடாது என்று சொல்கிறது. முதியோர் நடமாடும் வீட்டில் அதிலும் மெல்லியதே ஏற்றது.

அதற்காக அடிவிரிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. இங்கிலாந்தில் முதியோர் இல்லங்களில் நடத்தப்பட்டு 2004ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், விழுந்தவர்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தது கம்பளம் விரித்த மரத்தரையிலேயே மிகக் குறைவாக இருந்தது. விழுகின்ற வேகத்தைத் தரை சற்று வாங்கிக்கொள்வதே காரணம். எமது சீமெந்தும் ரைல்சும் அப்படி எதையும் வாங்கிக்கொள்வதில்லை. ஆகவே அடிவிரிப்பு அழுத்தமாக இருக்கவேண்டும், ஆனால் கல்லாக இருக்கக் கூடாது. தரையையும் கம்பளத்தையும் பற்றிப் பிடிக்கவேண்டும். எமது நாட்டுக்கு இன்னொன்றும் தேவை: அதனூடாகக் காற்றுப் போய்வரவேண்டும்.

எங்கள் காலடியில் உள்ள பொருள்

இந்த இடத்தில்தான் எனக்குத் தும்பின் நினைவு வந்தது. அயற் கிராமம் ஒன்றில் கயிறும் கால்துடைப்பானும் செய்யும் ஏழு பெண்கள் சிறு குழுவாக இயங்குகிறார்கள். பெரும்பாலோர் குடும்பத்தைத் தனியாகத் தாங்குபவர்கள். அவர்களிடம் ஆச்சியின் கதையைச் சொன்னேன்.

தும்பு தரைவிரிப்பாவது புதிய செய்தியல்ல. 1859ஆம் ஆண்டு ஜேம்ஸ் டாரா என்பவர் கேரளத்தின் ஆலப்புழையில் தும்புத் தொழிற்சாலையை நிறுவிய காலந்தொட்டு, தென்னந்தும்புப் பாய்கள் கடல்கடந்து ஐரோப்பிய வீடுகளின் தரைக்குப் போய்ச் சேர்ந்தன. எமது நாட்டிலும் காலி, மாத்தறைக் கரையோரங்களில் பெண்கள் மட்டையை மாதக்கணக்கில் நீரில் ஊறவைத்து, அடித்து, வெண்தும்பு எடுத்துவந்தார்கள். தும்பை முறுக்கிச் சுருளாக்கி, பிரித்து, றப்பர் பால் தெளித்து, அழுத்திச் சூடேற்றினால் அதுவே றப்பர் பூசிய தும்புத் தகடு. மெத்தைக்குள் இருப்பது அதுதான். மெல்லியதாகச் செய்தால் அடிவிரிப்பாகவும் பயன்படும்.

தும்பு உக்காமல் நிற்பதற்குக் காரணம் அதிலுள்ள லிக்னின் என்னும் பொருள். மரத்தை உறுதியாக்குவதும் அதுவே. தும்பில் அது 40 வீதமளவில் உண்டு. சாக்கு நெய்யும் சணலில் இதனிலும் மிகக் குறைவு. மாரி காலத்தில் தரை ஈரங்கசியும் எமது வீடுகளில் இது சிறிய நன்மையல்ல. ஸ்பொஞ் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். தும்பு விரைவில் காய்ந்துவிடும்.

மூன்று முயற்சிகள்

தகடு செய்யும் இயந்திரமோ, றப்பர் பாலோ எங்களிடம் இல்லை. கையில் இருந்தவை தும்பு, பழைய சாக்கு, ஊசி, நூல்.

முதல் முயற்சியில் இரண்டு சாக்குகளுக்கு நடுவே தும்பை நிறைய அடைத்துத் தைத்தார்கள். தலையணைபோல் அழகாக இருந்தது. ஒரு கிழமை நடந்ததும் தும்பு ஓரங்களுக்கு ஒதுங்கி, நடுவே பள்ளமும் பக்கத்தில் மேடுமாகிவிட்டது. ஆச்சிக்கு இது பழைய கம்பளத்திலும் ஆபத்து.

இரண்டாம் முறை தும்பை நன்றாகச் சீவி, ஒரே அளவாக மெல்லியதாகப் பரப்பி, இரண்டு அங்குலச் சதுரங்களாகக் குறுக்கும் நெடுக்கும் தைத்தார்கள். தும்பு அசையவில்லை. தடியும் புதையவில்லை. ஆனால் ரைல்சில் போட்டுக் காலால் தள்ளியபோது முழுவதும் வழுக்கிக்கொண்டு போனது.

மூன்றாம் முறை ஒரு பெண்ணுக்கு யோசனை வந்தது. சைக்கிள் கடையில் எறிந்துகிடந்த பழைய ரியூப்பை நாடாவாக வெட்டி, அடிப்பக்கத்தில் வரிவரியாகத் தைத்தார். தரையை அட்டைபோல் பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் பெருமகிழ்ச்சி. பத்து நாளின் பின் தூக்கிப் பார்த்தால் வெள்ளை ரைல்சில் கறுப்புக் கோடுகள்! ரியூப் றப்பரில் சேர்க்கப்படும் கரியின் வேலை அது. இன்று அவர்கள் சீமெந்துத் தரைக்கு ரியூப் நாடாவும், ரைல்சுக்குக் கடைகளில் அலுமாரித் தட்டுக்கு விரிக்க விற்கும் வலைபோன்ற வழுக்காத விரிப்பும் வைத்துத் தைக்கிறார்கள்.

வாங்குவோரும் செய்வோரும் கவனிக்க

அடிவிரிப்பு கம்பளத்தைவிட ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் சிறியதாக இருக்கட்டும். அப்போது கம்பளத்தின் ஓரம் தரையோடு படியும், கால் தடக்காது.

பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். சற்று அமுங்கி உடனே மீளவேண்டும். விரல் தரையைத் தொட்டால் அது கூடாது. வீட்டில் தடி ஊன்றுபவர் இருந்தால் அவரையே நிறுத்திப் பாருங்கள். அவருடைய கால்தான் சரியான அளவுகோல்.

கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். அடிவிரிப்பு சேர்ந்ததும் கம்பளம் உயரும், கதவு அதன் ஓரத்தைச் சுருட்டிவிடும்.

மாதம் ஒரு முறையாவது இரண்டையும் தூக்கி வெயிலில் போட்டுத் தட்டுங்கள். தூசியும் பூஞ்சணமும் தொய்வு நோயாளருக்கு ஆகாது. மாரியில் தரை ஈரமானால் முழுவதையும் எடுத்துவிடுங்கள். கறையான் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விலையை யார் சொல்வது?

குழுவினர் முதல் விரிப்பை விற்றபோது தும்பு, சாக்கு, நூல் ஆகியவற்றின் செலவோடு சிறு தொகை சேர்த்து விலை சொன்னார்கள். நாங்கள் ஒன்றாக இருந்து கணக்குப் பார்த்தோம். சீவியது, பரப்பியது, தைத்தது என்று மணித்தியாலங்களை எழுதிக் கூட்டியதும் ஓர் இளம் தாய் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அக்கா, வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போயிருந்தால் இதைவிடக் கூடக் கிடைச்சிருக்கும்.”

அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. சமூகவியல் படித்தபோது பெண்களின் கணக்கில் வராத உழைப்பைப் பற்றிப் பரீட்சைக்கு நிறைய எழுதியிருக்கிறேன். வீட்டிலிருந்து செய்யும் வேலைக்குக் கூலி இல்லை என்று அந்தப் பெண்களே நம்பிக்கொண்டிருப்பதை அன்றுதான் நேரில் கண்டேன். இப்போது அவர்களிடம் ஒரு கொப்பி இருக்கிறது. பொருட் செலவு ஒரு பக்கம், நேரம் மறுபக்கம். தோட்டக் கூலிக்குக் குறையாமல் நேரத்துக்கு விலை போடுகிறார்கள். விலை ஏறியதால் இரண்டொருவர் வாங்காமல் போனது உண்மைதான். வாங்கியவர்கள் இரண்டாம் முறையும் வந்தார்கள் என்பதும் உண்மை.

ஆச்சியின் வீட்டில்

இறுதியில் ஆச்சியின் வீட்டில் என்ன செய்தோம்? விறாந்தையை அடுத்த அறையில், கதிரைகளுக்கு நடுவே, மெல்லிய தும்பு அடிவிரிப்பின் மேல் மகளின் கம்பளம் கிடக்கிறது. அதன் பூவேலையைப் பார்த்துக்கொண்டு ஆச்சி தொலைபேசியில் மகளோடு கதைக்கிறார். ஆனால் கட்டிலிலிருந்து மலசலகூடத்துக்குப் போகும் வழியில் எதையும் விரிக்கவில்லை. அங்கே இரவில் எரியும் ஒரு சிறு மின்குமிழும், சுவரில் ஒரு கைபிடியும் மட்டுமே. எவ்வளவு நல்ல அடிவிரிப்பானாலும் அது வேண்டாத இடமும் உண்டு.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளே, அம்மாவுக்குப் பொருள் அனுப்புமுன் அவர் நடக்கும் தரையைப் பற்றி ஒருமுறை கேளுங்கள். ஊரில் இருக்கும் சகோதரிகளே, இன்றைக்கே உங்கள் வீட்டுக் கம்பளத்தின், பாயின், கால்துடைப்பானின் மூலையை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். கீழே ஒன்றும் இல்லையென்றால், அதை ஈடுசெய்யும் கைகள் உங்கள் கிராமத்திலேயே இருக்கக்கூடும். அந்தக் கைகள் சொல்லும் விலையைப் பேரம் பேசிக் குறைக்காமல் கொடுங்கள்.