கீழே மாவு மில்லில் கசிவு... மாடி வீட்டில் 'ஷாக்'!

பாறை ஊரில் ஏமாற்றும் 'எர்த்' குழி

திண்டிவனம் – மரக்காணம் சாலையில் நிற்கிறது பெருமுக்கல் மலை. 1760-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கோட்டைக்காக மோதிக்கொண்ட இடம். பீரங்கிக்கே மசியாத பாறை, கடப்பாறைக்கா மசியும்? இதுபோன்ற பாறை ஊர்களில் வீடு கட்டி 'எர்த்' குழி தோண்டும்போதுதான் அது தெரியவரும்.

எர்த் பைப் குறைந்தது இரண்டரை மீட்டர் நீளம் இருக்க வேண்டும் என்பது இந்திய தர நிர்ணயம். மூன்றடியிலேயே பாறை இடித்தால் என்ன செய்கிறார்கள்? பைப்பை வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, சிமென்ட் மூடி போட்டு விடுகிறார்கள். பார்க்க எர்த் மாதிரியே இருக்கும்! ஆனால் கரண்ட் உள்ளே இறங்காது.

தனி வீடானால் ஆபத்து அந்த வீட்டோடு போகும். பல மீட்டர் உள்ள கட்டடத்தில் கதையே வேறு.

கீழே மாவு மில், பக்கத்தில் செல்போன் கடை, மாடியில் இரண்டு குடித்தனம் என்று வையுங்கள். நாலு மீட்டர், நாலு மெயின் சுவிட்ச். எர்த் மட்டும் ஒன்று.

மில் மோட்டாரில் வயர் தேய்ந்து பாடியில் கரண்ட் இறங்குகிறது. எர்த் குழியின் தடை 40 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்கம் 5 ஓம் என்றால், 230 வோல்ட்டுக்கு ஓடுவது சுமார் 5 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் பியூஸ் 'நமக்கென்ன' என்று சும்மா இருக்கும். எர்த் கம்பியிலோ 200 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும்!

அதே கம்பிதான் மாடி வீட்டு வாஷிங் மெஷினுக்கும் போகிறது. ஈரக் கையோடு தொடுகிற அம்மாவுக்கு ஷாக். அவர்கள் வீட்டு ஒயரிங்கில் ஒரு குறையும் இல்லை. 'உயிர் காக்கும் சாதனம்' எனும் ஆர்.சி.டி.கூட மாட்டியிருப்பார்கள். அதுவும் காப்பாற்றாது. கசிவு அவர்கள் லைனில் இல்லை. எர்த் கம்பியை எந்த சாதனமும் துண்டிப்பதும் இல்லை.

ஆளுக்கொரு எர்த் போட்டால்?

அதுவும் வம்புதான். இரண்டு எர்த்தில் உள்ள இரண்டு பெட்டிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, ஒன்றில் கசிவு வந்தால் இரண்டையும் தொட்டவர் கதி என்ன? எர்த் எல்லாம் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். கூடவே நாலு மெயினிலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. இருக்க வேண்டும். மில்லில் அது இருந்தால், 40 ஓம் குழியானாலும் கண் இமைப்பதற்குள் அங்கேயே கரண்ட் நின்றுவிடும். ஒரே ஒரு கடைக்காரர் செலவை மிச்சம் பிடித்தாலும் பாதிப்பு நாலு குடும்பத்துக்கும்.

"அடிக்கடி விழுது சார், கழட்டிடுங்க" என்பது எல்லா ஊரிலும் கேட்கிற பேச்சு. பெரும்பாலும் சாதனத்தின் மேல் தப்பு இருக்காது. இரண்டு வீட்டு நியூட்ரலை ஒன்றாக முறுக்கியிருப்பார்கள். அல்லது மாடிப் பெட்டியில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்திருப்பார்கள். இது கொலைபாதகம்! கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் இரும்புப் பெட்டி முழுக்க கரண்ட் வந்துவிடும்.

பாறையில் என்ன வழி?

கிணற்றடி, தண்ணீர் தேங்கும் பள்ளம் என ஈரம் நிற்கும் இடத்தைத் தேட வேண்டும். ஒரு குழி போதாவிட்டால் இரண்டு, மூன்று போட்டு இணைக்கலாம். பைப் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு, அதாவது 5 மீட்டர் இடைவெளி தேவை. எர்த் டெஸ்டர் வைத்து அளப்பதை மழைக்காலத்தில் செய்து பயனில்லை. கத்திரி வெயிலில் அளந்தால்தான் உண்மை வெளிவரும். உப்பு மழையில் கரைந்துவிடும், பைப்பையும் அரித்துவிடும்.

1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே எர்த் பற்றிச் சொல்லியாகிவிட்டது. மத்திய மின்சார ஆணையம் 2010-லும், பிறகு 2023-லும் புது விதிகள் கொண்டுவந்தது. மீட்டருக்கு அப்புறம் உள்ள ஒயரிங்குக்கு வீட்டுக்காரர்தான் பொறுப்பு. வாடகை வாங்குகிற கை, குழிக்கும் நீள வேண்டும்.

குடியிருப்போர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆர்.சி.டி.யில் 'டி' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். 'டக்'கென்று விழவில்லை என்றால் அன்றைக்கே வயர்மேனைக் கூப்பிட வேண்டும்.